வீடியோ நாஸ்ட்டி: 72 படம், ஒரு போலீஸ் பட்டியல், நடுவில் மாட்டிய வாடகைக் கடை

பின்சீட்டு_ரசிகன் (சனி இரவு 10:42)

மக்களே, நேற்று ராத்திரி ‘பொசெஷன்’ பார்த்தேன். 1981 படம். சுரங்கப்பாதையில் இசபெல் அட்ஜானி கையிலிருக்கும் பையைச் சுவரில் அடிக்க, பால் தெறிக்க, அப்படியே தரையில் விழுந்து துடிக்கும் காட்சி ஒன்று வரும். அது முடிந்ததும் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

அப்புறம் படத்தைப் பற்றித் தேடினால் தலை சுற்றுகிறது. அந்த நடிப்புக்குக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது. அதே படத்தின் கேசட், பிரிட்டனில் வழக்குப் போடத் தகுந்தவை என்று அரசு வழக்குத் தொடுப்பு இயக்குநர் போட்ட பட்டியலில். மொத்தம் 72 படம். ‘வீடியோ நாஸ்ட்டி’, அதாவது அருவருப்பு வீடியோ என்று பத்திரிகைகள் பேர் வைத்திருக்கின்றன. அரையும் குறையுமாகப் படித்தேன். முழுக்கப் பத்திரிகைக் கூச்சலா, இல்லை கொஞ்சமாவது நியாயம் இருந்ததா? லண்டன்காரர்கள் இங்கே நாலு பேர் இருக்கிறீர்களே, சொல்லுங்கள்.

டிராக்கிங்_கோடு (சனி இரவு 11:20)

என் பேட்டைக்கு வந்துவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தியேட்டர் படத்துக்குப் பிரிட்டனில் 1912 முதல் தணிக்கை வாரியம் உண்டு. 70களின் கடைசியில் விஎச்எஸ்ஸும் பீட்டாமேக்ஸும் வீட்டுக்குள் வந்தபோது கேசட்டுக்கு என்று ஒரு விதியும் இல்லை. பெரிய ஸ்டுடியோக்கள் ‘இது நம்ம வியாபாரத்தைக் கெடுக்குமோ’ என்று தள்ளி நின்றன. அந்த இடைவெளியில் சின்ன விநியோகஸ்தர்கள் புகுந்தார்கள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் சில்லறைக் காசில் எடுத்த பேய்ப் படம், நரமாமிசப் படம் எல்லாவற்றையும் மூட்டையாக வாங்கி இறக்கினார்கள். பெட்ரோல் பங்கில், பேப்பர் கடையில், மூலைக்கடையில் எல்லாம் வாடகைக்குக் கிடைத்தது.

பேர் தெரியாத படம். எப்படி விற்பது? அட்டையால்தான். ‘டிரில்லர் கில்லர்’ அட்டையைத் தேடிப் பாருங்கள்: அலறும் ஆள், நெற்றியில் இறங்கும் துளைக்கருவி, வழியும் ரத்தம். 1982-ல் வீடியோ பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமாக இதைப் போட்டார்கள். விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார்கள் போயின. அங்கே பற்றிய தீதான். அட்டையை நம்பி எடுத்தவன் ஏமாந்திருப்பான் என்பது வேறு விஷயம். பாதிப் படம் வாடகை கட்ட வழியில்லாத ஒரு நியூயார்க் ஓவியனின் புலம்பல், பக்கத்து வீட்டு ராக் குழுவின் இரைச்சல். துளைக்கருவிக்கு வேலை வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

இதைவிடக் கூத்து ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’. அதை வெளியிட்ட கோ வீடியோ நிறுவனமே, ஒழுக்கப் பிரச்சாரகர் மேரி ஒயிட்ஹவுஸுக்குப் பேர் போடாமல் ‘இந்தப் படம் எவ்வளவு கேவலம் தெரியுமா’ என்று கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். ஓசி விளம்பரம் கிடைக்கும் என்ற கணக்கு. வாயைக் கொடுத்து வம்பை வாங்கிய கதை. அந்த அம்மையார் விஷயத்தைப் பாராளுமன்றம் வரைக்கும் கொண்டுபோனார்.

குட்டிப்பிசாசு (சனி இரவு 11:31)

சொந்தப் படத்துக்கே மொட்டைக் கடுதாசியா 😂 நம்ம ஊர் புரமோஷன் டீம் எல்லாம் பிச்சை வாங்கணும்

மல்லிகா_டீச்சர் (ஞாயிறு காலை 6:15)

ராத்திரி எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசியிருக்கிறீர்கள். நான் மறுபக்கம் நிற்கிறேன்.

1982-ல் பத்து வயதுப் பையன் காசு கொடுத்து அந்தக் கேசட்டை எடுத்துப் போகலாம். தடுக்கச் சட்டம் இல்லை. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவராவது ‘டேய் போடா’ என்பார். வீட்டில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த ஊர்ப் பெற்றோர் பயந்ததில் என்ன தப்பு?

போன வருடம் என் வகுப்பில் ஒரு பையன், ஆறாவது படிக்கிறான், பாடம் நடக்கும்போது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் போனில் எதையோ காட்டியிருக்கிறான். படமா நிஜமா என்று கூட அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சத்தம் மட்டும் காதில் நிற்கிறதாம். சுதந்திரம், கலை எல்லாம் எனக்கும் பிடிக்கும். அந்தப் பையன் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல வாய் வராது.

வரைவுச்சட்டம் (ஞாயிறு காலை 9:48)

டீச்சர் சொல்வதில் ஒரு பாதி சரி. குழந்தைக்குக் கேசட் கொடுப்பதைத் தடுக்கச் சட்டம் தேவைப்பட்டது. ஆனால் முதலில் அவர்கள் எடுத்த ஆயுதம் அது இல்லை.

கையில் இருந்தது 1959-ம் வருட ஆபாச வெளியீடுகள் சட்டம். பார்ப்பவர் மனத்தைக் ‘கெடுத்துச் சீரழிக்கும்’ தன்மை ஒரு பண்டத்துக்கு உண்டா என்பதுதான் அதில் கேள்வி. புத்தகத்துக்கும் நிர்வாணப் படத்துக்கும் வைத்த அளவுகோல். அதைத் தூக்கி ரத்தப் படத்தின்மேல் வைத்தார்கள். பிரிவு 2-ன் கீழ் என்றால் முழு வழக்கு, ஜூரி, சிறை. பிரிவு 3 என்றால் கேசட் மட்டும் பறிமுதல், அழிப்பு. எந்தப் படம் குற்றம் என்று கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஜூரி சொன்ன பிறகுதான் தெரியும். ஒரு ஊர் ஜூரி குற்றம் என்றது, அடுத்த ஊர் ஜூரி அதே படத்தை விடுதலை செய்தது.

குழப்பம் தாங்காமல்தான் 1983-ல் பட்டியல் வந்தது. அதுவும் மாதத்துக்கு மாதம் மாறியது. வந்து போனவை எல்லாம் சேர்த்து 72. அதில் அரசு வழக்குப் போட்டு ஜெயித்தவை 39. மீதி 33 பிற்பாடு நீக்கப்பட்டவை, ரசிகன் பார்த்த ‘பொசெஷன்’ உட்பட. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டும் போலீஸ் என்னத்தை அள்ளியது தெரியுமா? ‘தி பிக் ரெட் ஒன்’, சாமுவேல் ஃபுல்லர் எடுத்த இரண்டாம் உலகப்போர்ப் படம். டாலி பார்ட்டன் பாடி நடித்த ‘தி பெஸ்ட் லிட்டில் ஹோர்ஹவுஸ் இன் டெக்சஸ்’ (ஹோர்ஹவுஸ் என்றால் விபச்சார விடுதி). தலைப்பைப் பார்த்தார்கள், தூக்கினார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் அதுவும் முடியாது. ‘நைட்மேர்ஸ் இன் எ டேமேஜ்டு பிரெய்ன்’ படத்தை விநியோகித்த டேவிட் ஹாமில்டன் கிராண்டுக்கு 1984-ல் 18 மாதச் சிறை. தணிக்கை வாரியம் தியேட்டருக்கு அனுமதித்த படம்தான். கேசட்டில் அதைவிடச் சுமார் ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தது.

பின்சீட்டு_ரசிகன் (ஞாயிறு காலை 10:05)

ஒரு நிமிஷத்துக்கு 18 மாசமா!

டிராக்கிங்_கோடு (ஞாயிறு காலை 11:12)

‘ஈவில் டெட்’ கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தியேட்டருக்கு 49 விநாடி வெட்டு. 1983-ல் கேசட் வாடகையில் அதுதான் முன்னணி. வெளியிட்ட பேலஸ் நிறுவனத்தையும் கடைக்காரர்களையும் ஊர் ஊராக இழுத்தார்கள். கடைசியில் 1984 நவம்பரில் கிழக்கு லண்டன் ஸ்னேர்ஸ்புரூக் கிரவுன் நீதிமன்றத்தில் பேலஸ் விடுதலை. படத்தின் இயக்குநர் சாம் ரெய்மியே வந்திருந்தார். இருபத்தைந்து வயதுகூட முழுசாகத் தாண்டாத பையன், காட்டுக்குள்ளே ஒரு குடிசையில் சோளச்சாறும் சாயமும் கலந்து எடுத்த படத்துக்காக அடுத்த நாட்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

விடுதலை ஆனதும் கடைக்கு வந்துவிட்டதா? அதுதான் இல்லை. அதற்குள் புதுச் சட்டம் வந்துவிட்டது. வீடியோ சான்றிதழோடு அது மறுபடி வந்தது 1990-ல், இன்னும் கொஞ்சம் வெட்டி. முழுசாக வந்தது 2001-ல்.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை (ஞாயிறு மாலை 5:37)

ஸ்னேர்ஸ்புரூக் எண்டதும் எழுதாமல் இருக்கேலாமல் போச்சு.

நான் 87ல லண்டனுக்கு வந்தனான். 89ல ஈஸ்ட்ஹாமில ஒரு தமிழ்க் கடையில பின்னேர வேலை. ஒரு பக்கம் மிளகாய்த்தூள், கருவாடு. மற்றப் பக்கம் சுவர் முழுக்கக் கேசட். ஒரு ராவுக்கு ஒரு பவுண். கொண்டுவந்து தரேக்க சுத்தித் தராட்டி இருபது பென்ஸ் தண்டம். அந்தக் கேசட்டுகள் எல்லாம் கருவாடு மணக்கும் எண்டு சனம் பகிடி பண்ணிறது, உண்மைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. ரெண்டு அதிகாரியள் வந்தவை. கையில மட்டை, அதில கிளிப் போட்ட தாள். சுவரைப் பாத்தவை, எங்களைப் பாத்தவை. ‘சான்றிதழ் எங்கை?’ எண்டு கேட்டினம். எனக்கு விசா கேக்கினம் எண்டு நினைச்சுக் கால் நடுங்கிப்போச்சு. பிறகுதான் விளங்கினது, கேசட்டுக்குச் சான்றிதழாம்.

ஒருத்தர் ஒரு கிராமத்துப் படத்தை எடுத்தார். உறையில கதாநாயகன் அரிவாளோட நிக்கிறான், அரிவாளில ரத்தம். ‘இது ஹொரரோ?’ எண்டார். முதலாளி அண்ணை, ‘இல்லை சேர், குடும்பப் படம்’ எண்டார். பொய் இல்லை. ரெண்டு குடும்பத்துக்குப் பகை.

அடுத்தது ஒரு அம்மன் படம். உறையில அம்மன் சூலத்தால அசுரன்ர நெஞ்சில குத்திக்கொண்டு நிக்கிறா, குடல் வெளியால. அதிகாரி நிமிந்து பாத்தார். அண்ணை கும்பிட்டுக்கொண்டே ‘றிலிஜன் சேர், றிலிஜன்’ எண்டார். அவை ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தவை. அம்மன் படத்தைத் திருப்பி வைச்சிட்டினம். அரிவாள் படமும் இன்னும் முப்பது நாப்பது கேசட்டும் கறுப்புப் பையில போச்சு. பிறகு தண்டம் கட்டினவர். நானூறு பவுண் எண்டு ஞாபகம். அப்ப அது ரெண்டு மாத வாடகை.

வரைவுச்சட்டம் (ஞாயிறு மாலை 6:20)

அண்ணை, உங்கள் முதலாளி சட்டம் படித்தவரா? அவர் சொன்னது அப்படியே 1984 வீடியோ பதிவுகள் சட்டத்தில் இருக்கிறது!

அந்தச் சட்டப்படி எல்லாக் கேசட்டும் வாரியத்திடம் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். படிப்படியாக அமலாகி, பழைய சரக்குக்கும் கெடு முடிந்தது 1988 செப்டம்பரில். சமயம், இசை, விளையாட்டு, கல்வி சம்பந்தப்பட்டவற்றுக்கு விலக்கு. ஆனால் மனிதருக்கோ விலங்குக்கோ எதிரான கொடூர வன்முறை குறிப்பிடத்தக்க அளவில் இருந்தால் விலக்கு போய்விடும்.

இப்போது கேள்வி: அசுரன் மனிதனா, விலங்கா?

குட்டிப்பிசாசு (ஞாயிறு மாலை 6:24)

மகிஷாசுரன்னா ரெண்டுமே. மாட்டிக்குவான்

ஈஸ்ட்ஹாம்_அண்ணை (ஞாயிறு மாலை 6:51)

சட்டமும் படிக்கேல்லை ஒண்டும் படிக்கேல்லை. கும்பிட வேற ஆளில்லை, அம்மனைக் கும்பிட்டவர்.

சான்றிதழ் எடுக்கலாம்தானே எண்டு கேப்பியள். நிமிசக் கணக்கில கட்டணம். எங்கடை படம் ரெண்டரை மணித்தியாலம். ஹொலிவுட்காரன் ஆயிரக்கணக்கில கொப்பி விக்கிறான், அவனுக்கு அது தூசு. பத்துக் கொப்பி வைச்சிருக்கிறவன் கட்டேலுமோ? ரத்தப் படத்தை நிப்பாட்ட எண்டு போட்ட வலை, கடைசியில எங்கடை கண்ணீர்ப் படத்தைத்தான் பிடிச்சது.

மல்லிகா_டீச்சர் (ஞாயிறு இரவு 8:10)

அண்ணா, உங்கள் கடைக்கு நடந்தது அநியாயம். அதற்காக வயது முத்திரையே வேண்டாம் என்று ஆகிவிடாது. இன்று 18 என்று உறையில் போட்டிருப்பதால்தான் ஒரு அம்மா கடையில் நின்று யோசிக்கிறாள். அதுவும் அந்தச் சட்டம் தந்ததுதானே?

வரைவுச்சட்டம் (ஞாயிறு இரவு 9:02)

முத்திரையோடு நின்றிருந்தால் நானும் உங்கள் கட்சி. ஆனால் அதே சட்டம் வாரியத்துக்கு ‘வீட்டில் பார்க்கக்கூடும் என்பதைத் தனியாகக் கருத்தில் கொள்’ என்றது. அதை வைத்து, வளர்ந்தவர்கள் பார்க்கவும் முத்திரை மறுத்தார்கள். தியேட்டரில் ஊரே பார்த்த ‘எக்ஸார்சிஸ்ட்’டுக்கு வீடியோ சான்றிதழ் கிடைத்தது 1999-ல். குழந்தையைக் காப்பாற்ற 18 போதும். பெரியவரை யாரிடமிருந்து காப்பாற்றினார்கள்?

சட்டம் வந்த வழியையும் பாருங்கள். கொண்டுவந்தவர் லூட்டன் தெற்கு எம்.பி. கிரஹாம் பிரைட். இந்தப் படங்கள் சிறுவர்களை மட்டுமல்ல, நாய்களையும் பாதிக்கும் என்று டிவியில் சொன்னவர். கிண்டல் இல்லை, பதிவே இருக்கிறது. மசோதா ஓடிக்கொண்டிருந்த 1983 நவம்பரில் ஒரு அறிக்கை வந்தது: ஆறு வயதுக் குழந்தைகளில் 40 சதவீதம் பேர் நாஸ்ட்டி பார்த்திருக்கிறார்களாம். பத்திரிகைகளுக்குப் பொங்கல். குழந்தைகளிடம் படப் பட்டியல் கொடுத்து ‘எதைப் பார்த்தாய்’ என்று டிக் அடிக்கச் சொன்ன கணக்கு அது. ஆய்வாளர் கை கம்பர்பேட்ச் அதே வேலையைச் செய்து பார்த்தார், ஒரே ஒரு மாற்றம்: பட்டியலில் உலகத்திலேயே இல்லாத படங்களின் பெயரையும் சேர்த்தார். 11 வயதுக் குழந்தைகளில் 68 சதவீதம் பேர் அந்த இல்லாத படங்களைப் பார்த்ததாக டிக் அடித்தார்கள்.

மல்லிகா_டீச்சர் (ஞாயிறு இரவு 9:15)

இதை ஒத்துக்கொள்கிறேன், சிரிப்போடு. ‘யார் யார் பாடம் படிச்சீங்க’ என்று கேட்டால் என் வகுப்பில் நூறு சதவீதம்.

டிராக்கிங்_கோடு (திங்கள் மதியம் 1:30)

‘பெரியவரை யாரிடமிருந்து’ என்று கேட்டீர்களே. வாரிய இயக்குநர் ஜேம்ஸ் ஃபெர்மன், 1975 முதல் 1999 வரை நாற்காலியில் இருந்தவர். ‘டெக்சஸ் செயின் சா மேசகர்’ படம் பற்றி, உங்களைப் போன்ற நடுத்தர வர்க்க ரசிகர்கள் பார்ப்பது சரி, மான்செஸ்டரில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. அப்படியே அவர் வாயிலிருந்து வந்ததோ இல்லையோ, அந்த வருடங்களில் நடந்தது அதுதான். திரைப்படச் சங்கத்தில் பேராசிரியர் பார்த்தால் சினிமா. நகராட்சி வாடகைக்கு விட்ட கவுன்சில் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் சீரழிவு. பயம் கேசட்டைப் பார்த்து வந்தது அல்ல, சோபாவைப் பார்த்து வந்தது. ஃபெர்மன் போன கையோடு 1999-ல் செயின் சா ஒரு வெட்டும் இல்லாமல் வந்தது. மான்செஸ்டர் அங்கேயேதான் இருக்கிறது.

அதற்காக அவரை வெறும் வில்லன் ஆக்கவும் மாட்டேன். கேசட்டில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், தியேட்டரில் முடியாது என்பது அவர் வாதம். பாலியல் வன்முறைக் காட்சிகள் விஷயத்தில் அந்த வாதத்தை என்னால் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’டில் மனிதர்கள் சாவது நடிப்பு. இத்தாலியில் இயக்குநர் டியோடாட்டோ மேலேயே கொலை சந்தேகம் வந்து, நடிகர்கள் உயிரோடிருப்பதை அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆனால் விலங்குகள் சாவது நிஜம். 2011-ல் வாரியம் கிட்டத்தட்ட முழுப் படத்தையும் விட்டுவிட்டது, 15 விநாடி தவிர: ஒரு சின்ன விலங்கைக் கொல்லும் இடம். விலங்கு வதைக்கு எதிரான 1937 திரைப்படச் சட்டம் இன்னும் இருக்கிறது. என்னிடம் முழுப் பிரதி உண்டு. அந்த இடமும் ஆமையைக் கொல்லும் இடமும் வரும்போது வேகமாக ஓட்டித் தாண்டிவிடுவேன். நானே என் வீட்டுத் தணிக்கை அதிகாரி.

பின்சீட்டு_ரசிகன் (திங்கள் மாலை 7:44)

93-ல் லிவர்பூல் பக்கம் நடந்த குழந்தைக் கொலைக்கும் இதற்கும் தொடர்பு என்று எங்கோ படித்தேனே?

வரைவுச்சட்டம் (திங்கள் இரவு 8:30)

தொடர்பு என்று சொன்னார்கள். இரண்டு வயதுக் குழந்தையைப் பத்து வயதுப் பையன்கள் இருவர் கொன்ற வழக்கு. தீர்ப்பின்போது நீதிபதி, வன்முறை வீடியோக்கள் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். பத்திரிகைகள் ‘சைல்ட்ஸ் ப்ளே 3’ என்ற திகில் படத்தைப் பிடித்துக்கொண்டன. பையன்கள் அதைப் பார்த்ததற்கு ஆதாரம் இல்லை என்றுதான் போலீஸ் சொன்னது. ஆனாலும் 1994-ல் சட்டம் இன்னும் இறுகியது, தண்டனையில் சிறையும் சேர்ந்தது. அந்தக் குழந்தையின் குடும்பம் இன்றும் இருக்கிறது, இதற்குமேல் இங்கே விரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மட்டுறுத்துநர் (திங்கள் இரவு 8:41)

வழிமொழிகிறேன். அந்த வழக்கு விவரங்களை யாரும் தொடர வேண்டாம்.

வரைவுச்சட்டம் (செவ்வாய் காலை 7:55)

ஈஸ்ட்ஹாம் அண்ணைக்கு ஒரு சேதி. சொல்லலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

1984 சட்டம் உண்மையில் யார் மேலும் அமல்படுத்த முடியாத சட்டமாக இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட விதிகளை அமலாக்கும் முன் ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி தெரிவித்திருக்க வேண்டும். லண்டனில் யாரோ அந்தக் கடிதத்தை அனுப்ப மறந்துவிட்டார்கள். 25 வருடம் யாரும் கவனிக்கவில்லை. 2009 ஆகஸ்டில், சட்டத்தைப் புதுப்பிக்க எடுத்தபோதுதான் தெரிந்தது. அவசரமாக, 2010 ஜனவரியில், அதே சட்டத்தை ரத்து செய்து அதே சட்டத்தை மறுபடி போட்டார்கள். இடையில் தண்டம் கட்டியவர்கள் திரும்பக் கேட்க முடியாது, பழைய தீர்ப்பு பழைய தீர்ப்புதான் என்றும் அரசு சொல்லிவிட்டது.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை (செவ்வாய் மாலை 6:02)

அப்ப அந்த நானூறு பவுண்?

முதலாளி அண்ணை 2004ல காலமாயிட்டார். இருந்திருந்தா சிரிச்சிருப்பார், பிறகு ஒரு கிழமைக்குக் கடையில ஆரோடையும் கதைச்சிருக்க மாட்டார்.

இனி மறைச்சு என்ன. அண்டைக்கு அந்தக் கடையில ஒரு ‘ஈவில் டெட்’டும் இருந்தது, பழைய, சான்றிதழ் வரமுந்தின கொப்பி. பொடியள் கேட்டு வருவாங்கள், தெரிஞ்சவனுக்கு மட்டும் குடுக்கிறது. அதை ஒரு வெள்ளை உறைக்குள்ள போட்டு ‘கலியாண வீடு 86’ எண்டு தமிழில எழுதிக் கல்லாவுக்கு மேல வைச்சிருந்தவர். அதிகாரி கையில எடுத்து, ‘இது என்ன?’ எண்டார். ‘வெடிங் சேர்’ எண்டார் அண்ணை. வாழ்த்துச் சொல்லிப்போட்டு வைச்சிட்டுப் போட்டினம்.

கடை மூடேக்க அதை நான்தான் எடுத்தனான். கராஜுக்குள்ள கிடக்கு.

டிராக்கிங்_கோடு (செவ்வாய் மாலை 6:05)

அண்ணை!! பேலஸ் வெளியீடா? உறைக்குள் கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள், நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறதா? தெரிந்தால் தயவுசெய்து டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். நாடாவைப் படிக்கும் ஹெட் போய்விடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும்.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை (செவ்வாய் இரவு 9:18)

போய்ப் பாத்தனான். ஒரு பக்கம் வெள்ளை படிஞ்சிருக்கு. டெக் ஆரிட்டை இருக்கு இப்ப, போட்டுப் பாக்க? மனுசி எடுத்து மணந்து பாத்திட்டுச் சொல்லுறா, இன்னும் கருவாடு மணக்குதாம்.